மாப்பிள்ளை கேட்ட ரீல்

ஊறுகாய் ஜாடிக்குள் ஒன்பது நாளாக ஊறிக்கொண்டிருந்த தூண்டில் ரீலை ராஜாமணி இடுக்கியால் தூக்கிப் பார்த்தார். கைப்பிடித் திருகில் கடுகளவு துரு.

"போச்சு! இதுவும் போச்சு!"

"எது போச்சு?" அடுப்படியிலிருந்து சுகுணா கேட்டாள்.

"கடல் தண்ணிக்கு ஆயுசு கேரண்டின்னு போட்டிருக்கறான். ஒம்போது நாளுக்கே பல்லைக் காட்டிருச்சு. யாரோட ஆயுசு? ஈசலோட ஆயுசா?"

"அப்ப அடுத்ததை வரவழைச்சுப் பாருங்க. மாப்ள ஆசையாக் கேட்டது. அவசரப்பட்டு எதையாவது வாங்கிக் குடுத்துறாதீங்க."

முப்பது வருடக் குடித்தனத்தில் சுகுணா அவரை நிதானமாக இருக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை. ராஜாமணிக்குப் பெருமையாக இருந்தது.

அவர் ஒரு நூற்பாலையில் கொள்முதல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தட்டிப் பார்க்காமல் நல்லம்பள்ளி வீட்டுக்குள் ஒரு தேங்காய்கூட நுழைந்ததில்லை. மூத்த மகள் சுமலதாவின் கல்யாணத்தில், இலை தாங்குமா என்று கொதிக்கிற ரசத்தை ஊற்றிச் சோதித்தார். நாதஸ்வரக்காரரிடம் வாயில் வைத்து ஊதும் சீவாளிக்கு உத்தரவாதம் கேட்டார். முகூர்த்தத்துக்கு முதல் நாள் சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டு பஸ் ஏறியதை, "தரம்னா பயந்து ஓடிட்டான்" என்றே இன்றுவரை சொல்லிவந்தார்.

இப்போது இளையவள் கலைமதிக்குக் கல்யாணம். நிச்சயத்தன்று மாப்பிள்ளை குரு அவரைத் தனியே அழைத்துப் போனான்.

"மாமா, நகை, வண்டி எதுவும் எனக்கு வேண்டாம். நான் கடல்ல ஃப்ளை ஃபிஷிங் பண்றவன். பூச்சி மாதிரி இறகுல கட்டின தூண்டிலை வீசிப் பிடிக்கறது. உப்புத் தண்ணிக்குத் தாங்கற ரீல் ஒண்ணு, உங்க கையால தேர்ந்தெடுத்து மேடையில குடுத்தாப் போதும். உங்க அளவுக்குப் பார்த்து வாங்க யாரால முடியும்?"

கடைசி வாக்கியத்தில் ராஜாமணி விழுந்தார். இனி சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் ஒரு சொத்தை ரீலைக் கொடுத்தால் முப்பது வருடப் பெயர் என்னாவது?

தர்மபுரி மாவட்டத்தில் எந்தப் பக்கம் நடந்தாலும் கடல் வராது. ஒகேனக்கல்லுக்குப் போய்ப் பரிசல்காரர் கரியனிடம் விசாரித்தார். கரியன் ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நூலு சுத்தறதுக்கா இம்புட்டும்? நாங்க தண்ணி பாட்டில்லதாங்க சுத்தறோம். துருவே புடிக்காது."

கொள்முதல் அறிவு இல்லாத ஜனம் என்று சலித்துக்கொண்டு திரும்பியவர், கடலையே வீட்டுக்கு வரவழைத்தார். லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் கல்லுப்பு. மாங்காய் சீசனில் ஜாடியைப் பறித்ததற்குச் சுகுணா ஒரு வார்த்தைகூட முணுமுணுக்கவில்லை.

மூன்றாவது ரீல் பன்னிரண்டு நாள் கிடந்தும் அப்படியே பளபளத்தது.

"முடிஞ்சுது! இனி கல்யாண வேலையை நான் பார்த்துக்கறேன். சமையல்காரன் எப்ப வர்றான்?"

சுகுணாவின் முகம் ஏனோ வாடியது. ஐந்தாவது நிமிடம் குரு போனில் வந்தான்.

"மாமா, துரு மட்டும் பார்த்தாப் போதுங்களா? பெரிய மீன் இழுத்துட்டு ஓடறப்ப ரீல்ல பிரேக் நிக்கணுமே?"

"இதை மொதல்லயே சொல்லக்கூடாதா மாப்ள?"

"உங்களுக்குத் தெரியாததான்னு இருந்துட்டேன் மாமா."

நல்லம்பள்ளியில் பெரிய மீனுக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு மாதுவின் மொபெட் நின்றிருந்தது. அதன் கேரியரில் நூலைக் கட்டி, ரீலை ஒரு கம்பில் பொருத்திக்கொண்டு ராஜாமணி வாசலில் காலூன்றி நின்றார்.

"மாது, மீன் மாதிரி ஓட்டு."

"மீனு ஹாரன் அடிக்குமாங்கண்ணா?"

"அடேய், கெளம்புடா!"

பிரேக் அருமையாகப் பிடித்தது. வண்டி இழுக்கவில்லையே என்று மாது முழு வேகத்தில் முறுக்கினான். இருநூறு மீட்டர் நூலும் தீர்ந்து, கம்பும் ராஜாமணியும் மதகு வரை கூடவே போனார்கள். அங்கே கம்பு கைவிட்டது. ரீல் தெறித்துக் கல்லில் மோதிக் கோணிக்கொண்டது. நூல் ஒரு காய்கறி வண்டியையும் இரண்டு ஆடுகளையும் சேர்த்துக் கட்டியது.

எல்லோரையும் பிரித்துவிட்டு, முழங்கையில் சிராய்ப்போடு வீட்டுக்கு வந்தால், சமையல்காரர் பூபதி வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்.

"மெனு முடிச்சாச்சுங்க. மாப்ள காரியமாப் போயிருக்கீங்களேன்னுதான் கூப்பிடல" என்றாள் சுகுணா.

"என்ன பருப்புன்னு கேட்டியா? எந்த ஊரு மஞ்சள்னு கேட்டியா?"

போன் அடித்தது. குருதான். "மாமா, ரீல் சைஸ் எட்டாம் நம்பரா, பத்தாம் நம்பரான்னு ஒரு சந்தேகம்..."

புடவை எடுத்த அன்று எட்டா பத்தா என்று தீராமல் சென்னைக் கடைக்காரரோடு ஒன்றரை மணி நேரம் போனில் மல்லுக்கட்டினார். பந்தல்காரர் வந்த அன்று, கைப்பிடி இடப்பக்கமா வலப்பக்கமா என்று இரண்டு கையாலும் சுற்றிப் பார்த்ததில் தோள் பிடித்துக்கொண்டது. பத்திரிகை அச்சுக்குப் போனதே அவருக்குத் தெரியாது.

"இந்த ரீலைக் கண்டுபுடிச்சவன் மட்டும் கையில கெடைச்சான், அவனையே ஜாடியில போட்டு மூடி வச்சுருவேன்!" என்று பல்லைக் கடித்தார்.

"மனசைத் தளர விட்டுறாதீங்க. பொறுமையாப் பாருங்க" என்று சுகுணா தைலம் தேய்த்தாள்.

கல்யாணம் அமோகமாக நடந்தது. மேளம் நேரத்துக்கு வந்தது. சாம்பார் மணத்தது. யாரும் யாரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை.

"பிரமாதம் பண்ணிட்டீங்க மாமா!" என்றார்கள் சொந்தக்காரர்கள்.

"நான் எதுலயும் கை வைக்கலைப்பா. எனக்கு ரீலுக்கே நேரம் சரியாப்போச்சு" என்றார் அடக்கமாக.

தாலி கட்டி முடிந்ததும் ஆறாவது ரீலை வெள்ளித் தட்டில் வைத்து, தாமே கையெழுத்திட்ட தரச்சான்றிதழோடு நீட்டினார். குரு காலில் விழுந்து வாங்கிக்கொண்டான். மண்டபமே கைதட்டியது. கண் கலங்கிவிட, துடைத்துக்கொள்ள மேடைக்குப் பின்பக்கம் ஒதுங்கினார்.

அங்கே குருவின் அம்மா நிர்மலாதேவி, இவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுகுணாவின் காதருகே குனிந்திருந்தாள்.

"சம்பந்தி, கல்யாணந்தான் நல்லபடியா முடிஞ்சுதே. எம் பையன் தூண்டிலைத் தொட்டதே இல்லைங்கறதை அவருகிட்ட இப்பச் சொல்லிறலாங்களா, இல்ல வளைகாப்பும் முடியட்டுங்களா?"