சால்னாவுக்கு உப்புப் பார்த்த கதை

இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று முடிவெடுத்தேன். நான் வாய் திறந்தால் ஒரகடம் மெயின் ரோடே அதிரும். திறப்பதுதான் கொஞ்சம் சிரமம். எனக்குக் கூச்சம் அதிகம்.

எங்கள் வீட்டுக்கு எதிரே முனிரத்தினத்தின் பரோட்டாக் கடை. இரண்டாம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும் நேரம் நான் படுத்திருப்பேன். அப்போதுதான் கல்லின் மேல் கொத்தத் தொடங்குவான். ஊருக்கு அது கொத்து பரோட்டா. எனக்கு அது கொத்துப்படும் என் தூக்கம்.

என் மனைவி கங்கம்மாளுக்கு அந்தச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. அவள் கவலை வேறு. அன்று மதியம்தான் குழம்பில் புளி தூக்கல், ரசம் ஒரு கொதி அதிகம் என்று சொல்லியிருந்தேன். குறையைச் சொல்லாமல் விழுங்க என் நாக்கு பழகவில்லை.

சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவனைத் தடுத்து, "இன்னிக்கு வேணாம், நாளைக்கு சாயங்காலமா போங்க. கும்பல் இருந்தா ஒங்களுக்குப் பேச்சு வராது" என்றாள்.

நியாயமாகப் பட்டது. மறுநாள் பேசவேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். நான் தொண்டையைச் செருமுவதற்குள் முனிரத்தினம் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கையில் ஒரு கிண்ணம் சால்னாவைக் கொடுத்தான்.

"ஒங்க நாக்கு மாதிரி இந்த ஏரியாவுலயே கெடையாதுன்னு ஒங்க வூட்டம்மா காலைல சொல்லிச்சுங்கய்யா. உப்பு கரெக்டா கீதான்னு பாருங்க."

மறுக்கக் கூச்சம். குடித்தேன். உப்பு சரி, சோம்பு வறுபடவில்லை என்றேன். கைகட்டிக் கேட்டான். என் ஆயுளில் என் பேச்சை ஒருவர் கைகட்டிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சத்தத்தைப் பற்றிச் சொல்ல மறந்தே போனேன்.

அன்று முதல் தினமும் போகிறேன். ராத்திரி கொத்துச் சத்தம் இப்போதும் கேட்கிறது. கை கொஞ்சம் அவசரப்படுகிறதே, நாளை சொல்லவேண்டும் என்று நினைப்பதற்குள் தூங்கிப்போகிறேன்.

நேற்று மதியம், கடைப் பெருமையைப் பேசிக்கொண்டே சாப்பிட்டேன். நடுவில், "அவன்கிட்ட இன்னாத்துக்கு என்னை அவ்ளோ ஒசத்திச் சொன்னே?" என்று கேட்டேன்.

"வூட்ல சொல்ற கொறையெல்லாம் அங்க போய் சொல்லட்டும்னுதான். இப்பதான் நானும் ஒரு வாய் நிம்மதியா சாப்புடறேன்."

எனக்கு ரோஷம் வந்தது. என் நாக்கு அப்படியெல்லாம் மழுங்கிவிடாது என்று காட்ட, இந்தக் குழம்பில்கூட உப்பு ஒரு கல் தூக்கல் என்றேன்.

கங்கம்மாள் சிரிக்கவில்லை. உப்பு ஜாடியை மெதுவாக என் பக்கம் நகர்த்தினாள்.

"அதுல இன்னும் உப்பே போடலீங்க."