காலிபிளவர் முயல்

வாணலியில் போட்ட காலிபிளவர் சோறு கஞ்சியாகிவிட்டது. அழுவதா, அதைக் கொட்டுவதா என்று தெரியாமல் அம்புஜவல்லி நின்றாள்.

புருஷன் கொளஞ்சியப்பனுக்குச் சர்க்கரை இருநூற்று நாற்பது.

"ரெண்டு வாரம் அரிசிய நிறுத்திப் பாருங்க. கொறயலன்னா தெனமும் ஊசிதான். வூட்லயே போட்டுக்கலாம்" என்றார் டாக்டர். வீட்டில் என்றபோது அவர் பார்த்தது அம்புஜவல்லியை.

ஊசியைக் கண்டாலே அவளுக்கு மயக்கம் வரும். பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட அன்று, நர்சு தண்ணீர் தெளித்தது இவள் முகத்தில்தான்.

டிவியில் ஒரு அம்மாள் சோற்றுக்குப் பதிலாகக் காலிபிளவரைத் துருவி, கேரட்டு, பீன்ஸு, குடமிளகாயோடு வதக்கிக் காட்டினாள். அவள் பூவில் புழு இல்லை. இவளுக்கு வெந்நீரில் ஏழு மிதந்தன. பயந்துபோய் இரண்டு தடவை வேகவைத்ததில்தான் இந்தக் கஞ்சி.

"தண்ணிய உறிஞ்சணும், அவ்ளோதான?" என்றார் கொளஞ்சியப்பன்.

அவர் பீங்கான் கம்பெனியில் பொம்மை வார்ப்பவர். களிமண் கரைசலை ஊற்றினால் பிளாஸ்டர் அச்சே தண்ணீரைக் குடித்துவிடும். இருபது வருஷமாக அவர் பார்க்கும் வேலை. பரண்மேல் கிடந்த புது அச்சு ஒன்றை எடுத்துத் துடைத்தார். மெல்லிய துணியை விரித்து, காலிபிளவரை அதில் அமுக்கினார்.

அரை மணி கழித்து அச்சைப் பிரித்தார்கள். தண்ணீர் போயிருந்தது. தட்டில் ஒரு வெள்ளை முயல் உட்கார்ந்து அவர்களைப் பார்த்தது.

"இத எப்பிடி புள்ள தின்றது?"

"காதுலேர்ந்து ஆரம்பிங்க."

அவர் ஆரம்பிக்கவில்லை. அவளே முயலை உதிர்த்து, காய்களோடு மிளகு தூவி வதக்கி, டிபன் பாக்ஸில் அடைத்தாள். சாயங்காலம் பாக்ஸ் துடைத்து வைத்ததுபோலத் திரும்பி வந்தது. அம்புஜவல்லிக்கு உயிர் வந்தது.

அன்றிலிருந்து தினமும் ஒரு முயல்.

ஒரு வாரம் கழித்துச் சர்க்கரை இருநூற்று எழுபது. காப்பியில் சீனியை நிறுத்தினாள். ராத்திரி சப்பாத்தியை இரண்டாகக் குறைத்தாள். மதியத்துக்கு முயலை இரட்டிப்பாக்கினாள்.

"எல்லாத்தையும் சாப்புடுறீங்களா?"

"பாக்ஸ பாரு புள்ள. ஒரு பருக்க இருக்குதா?"

இல்லைதான். அடுத்த வாரம் முந்நூற்றுப் பத்து.

"பூவுலயே சக்கர இருக்குதோ என்னமோ" என்று டாக்டரிடம் கேட்டாள். அவர் ஊசி எழுதினார். அவளுக்கு உலகமே அந்தச் சீட்டோடு முடிந்துவிட்டதுபோல இருந்தது. கொளஞ்சியப்பன் மருந்து வாங்கப் போனார். நர்சு ஒரு வாழைக்காயையும் ஊசியையும் கொண்டுவந்து நீட்டினாள்.

"இதுல குத்திப் பழகிக்குங்க. அப்புறம் அவரு கைதான்."

அம்புஜவல்லி வாழைக்காயை மட்டும்தான் பார்த்தாள். அதற்கே விழுந்துவிட்டாள்.

முகத்தில் தண்ணீர் பட்டுக் கண் விழித்தபோது, எதிரே தர்மராஜ் சொம்போடு நின்றான். கம்பெனியில் அவள் புருஷனுக்குப் பக்கத்து மேசை. அவன் சட்டைப் பையிலும் சர்க்கரைச் சீட்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"பயப்படாதீங்க அண்ணி. எனக்கும் ஊசின்னுதான் சொன்னாங்க. இன்னிக்குப் பாத்தா நூத்தி இருவது. ஊசியே வேணாமாம்."

"அப்பிடி என்னதான் சாப்புட்டீங்க?" என்று கேட்கும்போதே அவளுக்கு அழுகை வந்தது.

"என்ன அண்ணி இப்பிடி கேக்குறீங்க, தெனமும் நீங்க குடுத்து வுடுற காலிபிளவருதான். எங்க வூட்டுக்காரி எவ்ளோ சொன்னாலும் சோத்ததான் கட்டுவா, அண்ணந்தான் எனக்காகப் பாவம் பாத்து மாத்திக்கிறாரு. நாளைக்கு அவருக்குத் தேங்கா சோறாம், சொல்லிடுங்க."