அறிவுவட்டம் காட்டிய கண்ணாடி

பள்ளி அரங்கத்தில் எள் போட இடமில்லை. ஆசிரியர் பயிற்சி என்றால் வழக்கமாகத் தலைவலி, காய்ச்சல், மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ஆளுக்கொரு சாக்கு வரும். அன்று ஓய்வுபெற்றவர்கள்கூட வந்து முன்வரிசையைப் பிடித்திருந்தார்கள். பின்னே, வருகிறவர் கண்ணாடி டாக்டர் அல்லவா! எதற்கு டாக்டர் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோட்டு போட்டிருந்தார், அது போதாதா?

முதலில் காட்டியது நல்ல சரக்குதான். மேசைமேல் கட்டம் போட்ட ஓர் அட்டை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால் அதன்மேல் ஓர் இதயம் எழும்பித் துடித்தது. அட்டையைத் திருப்பினால் இதயமும் திரும்பியது. எதிரில் இருக்கும் பொருள்மேல் இல்லாத படத்தை ஒட்டிக் காட்டும் ஆக்மென்டட் ரியாலிட்டி என்றார். பாடம் நடத்த இதைவிட என்ன வேண்டும்? அதோடு நிறுத்தியிருந்தால் மனிதரைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கலாம்.

"இதயத்தையே காட்டுற கண்ணாடி மூளையைக் காட்டாதா?" என்று ஆரம்பித்தார். "ஒவ்வொரு பிள்ளை தலைக்கு மேலயும் ஒரு அறிவுவட்டம் இருக்கு. பச்சைன்னா மேதை. சிவப்புன்னா, உங்க தொண்டைத்தண்ணிதான் வீண்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. கணக்கு டீச்சரும் தட்டினார், பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

மறுநாளே பிள்ளைகள் கழுத்தில் ஆளுக்கோர் அட்டை தொங்கியது. அட்டையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள். அது மூளையின் ஒளியை ஈர்க்குமாம். முதல் நாளே பணம் கட்டி டாக்டரின் சிறப்பு வகுப்பில் சேர்ந்திருந்த பிள்ளைகளுக்கெல்லாம் பச்சை. மற்றவர்களுக்குச் சிவப்பு. சிவப்புப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் முட்டிமோதிக்கொண்டு சிறப்பு வகுப்புக்கு ஓடினார்கள். சேர்ந்ததும் புது அட்டை வந்தது, கூடவே பச்சையும் வந்தது. யாருக்கும் சந்தேகம் மட்டும் வரவில்லை. பாவம், அதற்கு யாரும் அட்டை தரவில்லையே!

டீச்சரின் மகளும் அதே பள்ளிதான். சிவப்பு. வெள்ளிக்கிழமையோடு சிவப்புகளை அறிவியல் பிரிவிலிருந்து தூக்கிவிடப்போவதாகத் தலைமையாசிரியை அறிவித்துவிட்டார்.

"ரெண்டே ரெண்டு கணக்கு போட்டுப் பாரேன்டி."

"எதுக்கும்மா? எனக்குத்தான் சிவப்பாச்சே."

போன வாரம்வரை அம்மா போட்ட கணக்கிலேயே தப்புக் கண்டுபிடித்துக் கெக்கலி கொட்டிய பெண் அது.

டீச்சரிடம் ஒரு பழக்கம் உண்டு. பரீட்சையில் பக்கத்துப் பக்கத்து விடைத்தாள்கள் அச்சடித்ததுபோல இருந்தால் யாரையும் மிரட்ட மாட்டார். அடுத்த பரீட்சையில் இருவரையும் இடம் மாற்றி உட்காரவைப்பார். மூளை கூடவே போகிறதா, பழைய இடத்திலேயே தங்கிவிடுகிறதா என்று பார்ப்பார்.

வெள்ளிக்கிழமை பெற்றோரும் சேர்ந்து நெருக்கியடித்தார்கள். டாக்டரின் கண்ணாடிக்குத் தெரிவதெல்லாம் பெரிய திரையில் ஓடியது. மேடையில் தாளாளரின் மகன், தலைக்கு மேல் பச்சை. பக்கத்தில் டீச்சரின் மகள், தலைக்கு மேல் சிவப்பு. பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

டீச்சர் எழுந்தார். "சார், ரெண்டு பேரும் அட்டையை மாத்திப் போட்டுக்கட்டும். மூளை மாறாதில்ல?"

"ஐயையோ, ஒளி கலைஞ்சிடும்!"

"கலைஞ்சா கலையட்டும் சார். மறுபடி மாட்டிக்கலாம்."

அதற்குள் பிள்ளைகள் மாற்றிக்கொண்டார்கள். திரையில் பெண் தலைக்கு மேல் பச்சை, பையன் தலைக்கு மேல் சிவப்பு.

"யோவ்! என் பையன் தலையில என்னய்யா சிவப்பு?" தாளாளர் நாற்காலியிலிருந்து எகிறினார்.

"அது... பக்கத்துல நின்னதால தொத்திக்கிச்சு சார்."

டீச்சர் மேடையேறினார். மகள் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி, சுவரோரம் சாத்தியிருந்த துடைப்பத்தில் மாட்டினார். டாக்டர் முகத்தைத் திருப்புவதற்குள் திரையில் துடைப்பத்துக்கு மேல் பச்சை வட்டம் ஜொலித்தது. கீழே எழுத்தும் வந்தது: 'பிறவி மேதை'.

"சார், துடைப்பம் எப்ப சார் சிறப்பு வகுப்புல சேந்துச்சு?" என்றது பின்வரிசை. அரங்கமே சிரித்தது.

"அன்னிக்கு இதயம் வந்த மாதிரிதாங்க இதுவும்," என்றார் டீச்சர். "அட்டையில இருக்கிற கட்டத்தைப் பாத்துப் படம் வருது. எந்த அட்டைக்கு எந்த நிறம்னு இவர்தான் போட்டு வெச்சிருக்கார்."

டாக்டர் "நெட்வொர்க் சரியில்ல" என்று முனகிக்கொண்டே பக்கத்துக் கதவைத் தேடினார். அங்கே தாளாளர் நின்றிருந்தார். யாரையும் எந்தப் பிரிவிலிருந்தும் தூக்கப்போவதில்லை என்று தலைமையாசிரியை ஒலிபெருக்கியில் அவசரமாகச் சொன்னார். டீச்சர் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கண்ணாடிக்கு அட்டையைத்தான்டி தெரியும். உன்னைத் தெரியவே தெரியாது."

கூட்டம் கலைகிற நேரத்தில் ஒரு தகப்பனார் மெல்லப் பக்கத்தில் வந்தார்.

"டீச்சர், எல்லாம் சரிதான். என் பையனோட பச்சை அட்டையை மட்டும் நாங்களே வெச்சுக்கலாமா? ஏதாவது ஒரு பலன் இருந்தாலும் இருக்குமில்ல?"

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"தாராளமா வெச்சுக்குங்க. ஆனா உங்களுக்கு அந்தக் கண்ணாடிகூட வேணாம். அது இல்லாமலே அட்டையைத்தானே பாக்குறீங்க. ஒரு தடவையாவது பிள்ளையைப் பாருங்க சார்!"