கட்டில் மாமா தரையில் வரைந்த கப்பல் அறை

படுத்துப் பார்க்காத அறையை நம்பவே கூடாது என்று வாழ்கிற ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் கட்டில் மாமாதான். யாராவது அவருக்கு ஓர் அரண்மனையை எழுதிக் கொடுத்தாலும், "உள்ள போயி அரை மணி நேரம் படுத்துப் பாத்துட்டு சொல்றேன்" என்றுதான் சொல்வார்.

அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்கும் லாட்ஜ் ஒன்றை நடத்துகிறார். நான் படித்த காலத்தில் அங்கேதான் நாலு வருஷம் குப்பை கொட்டினேன். புதிதாக யார் வந்தாலும் பெட்டியைத் திறக்க விடமாட்டார். முதலில் தான் மட்டும் அறைக்குள் போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கட்டிலில் மல்லாந்துவிடுவார். விசிறிக் காற்று முகத்தில் படுகிறதா, காலில் படுகிறதா, மதிய வெயில் தலைமாட்டில் விழுகிறதா, பக்கத்து அறைக் குறட்டை சுவரைத் தாண்டி வருகிறதா என்று எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டே ஆராய்வார். பாதி நாள் ஆராய்ச்சி நடக்கும்போதே தூங்கிப்போய்விடுவார். பையனும் அவன் அப்பாவும் பெட்டி படுக்கையோடு வராந்தாவில் நிற்பார்கள்.

யாருக்கு எந்த அறை என்பதிலும் அவருக்கென்று ஒரு கணக்கு உண்டு. குறட்டை விடுகிறவனுக்குக் கடைசி அறை. காதலிக்கிறவனுக்கு ஆபீஸ் பக்கத்து அறை, போனில் பேசுவது தனக்கும் கேட்க வேண்டுமாம். பண்ருட்டியிலிருந்து போன நான் முதல் வாரம் முழுக்க அழுததைப் பார்த்துவிட்டு, என்னை ரோட்டைப் பார்த்த அறைக்கு மாற்றினார்.

"பஸ்ஸு போறத பாத்துக்கிட்டே இரு மாப்ள. எப்ப வேணாலும் ஏறிடலாம்னு தெரிஞ்சா அழுக வராது."

அதன்பிறகு நான் அழவில்லை.

இந்த வருஷம் பழைய லாட்ஜ்காரர்கள் எல்லோரும் சேர்ந்து மாமாவையும் அவர் மனைவியையும், அதாவது எங்கள் அத்தையையும், கப்பலில் அனுப்புவது என்று முடிவு செய்தோம். சென்னையில் ஏற்றிக்கொண்டு, மூன்று நாள் கடலில் சுற்றிக் காட்டி, மறுபடி சென்னையிலேயே இறக்கிவிடும் உல்லாசக் கப்பல். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் டிக்கெட் போடும் கடை வைத்திருப்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மாமா மறுநாள் காலையிலேயே கடைக்கு வந்துவிட்டார். முகத்தில் சந்தோஷத்தைவிடக் கவலைதான் ஜாஸ்தி.

"கல்யாணம் ஆனதுலேருந்து உங்க அத்தை ஒரு நாள்கூட வெளியூர்ல தங்கினதில்ல மாப்ள. லாட்ஜு புள்ளைங்க சாப்பாட்ட யாரு பாக்குறதுன்னு எங்கயும் வர மாட்டா. இப்பதான் எப்படியோ தலையாட்டி இருக்கா. ரூமு மட்டும் சரியில்லன்னு வையி, அப்புறம் ஜென்மத்துக்கும் கெளம்ப மாட்டா."

கப்பலில் மூன்று வகை அறைகள். ஜன்னலே இல்லாத உள் அறை, கண்ணாடி ஜன்னல் வைத்த அறை, பால்கனி வைத்த அறை. எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிப் படத்தைக் காட்டினேன்.

"ஃபேன் எங்க?"

"ஏசி மாமா."

"ஏசி இருக்கட்டும். ஃபேன் எங்க?"

எதிர் அறையில் யார், அவர் குறட்டை விடுவாரா, இதற்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர் எப்படிப்பட்டவர் என்று அடுக்கினார். கடைசியில் என் போனைப் பிடுங்கி, கப்பல் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பெண்ணிடம் தானே கேட்டுவிட்டார்.

"ஏம்மா, மத்தியானம் மூணு மணிக்கு வெயிலு ரூமுல எந்தப் பக்கம் விழும்?"

"சார், கப்பல் திரும்பிக்கிட்டே இருக்கும் சார்."

"அப்ப தலகாணிய எந்தப் பக்கம் போடுறது?"

அந்தப் பெண் லைனில் காத்திருக்கச் சொல்லிவிட்டு, பாட்டுப் போட்டுவிட்டுப் போனவள் போனவள்தான்.

மாமா அசரவில்லை. படத்தில் இருந்த நீள அகலத்தைக் குறித்துக்கொண்டார். எதிர்க்கடையில் சாக்பீஸ் வாங்கி வந்து, என் கடைத் தரையில் உள் அறையை அச்சு அசலாக வரைந்தார். கட்டில் இருக்கும் இடத்தில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"உள் ரூமுதான் மாப்ள உசத்தி. ஜன்னலு வச்சா வெயிலு. பால்கனின்னா காத்து ஜாஸ்தி, உப்பு வேற ஒட்டும். படுத்துப் பாத்தாதான தெரியுது."

அப்போது மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஓர் அம்மா ரயில் டிக்கெட் போட வந்தார். வழியை அடைத்துக்கொண்டு ஒருவர் படுத்திருப்பதைப் பார்த்துத் தயங்கி, ஓரமாக ஒதுங்கி நின்றார். மாமா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"அம்மா, பாத்ரூமுல நிக்கிறீங்க. கொஞ்சம் வெளிய வாங்க."

அந்த அம்மா ஒரே தாவலில் ரோட்டுக்கே போய்விட்டார். ஒரு டிக்கெட் போயிற்று.

மாமாவோடு கடலூர் வந்திருந்த அத்தை, முதுநகர் கோயிலில் பூசை முடித்துவிட்டு வந்து சேர்ந்தபோது மாமா இன்னும் படுத்துக்கொண்டுதான் இருந்தார்.

"என்னங்க இது, கடைக்குள்ள கோலம் போட்டுக்கிட்டு?"

"உன் ரூமுதான். வா. ஏய், அங்க இல்ல, அது செவுரு! வாசல் இந்தப் பக்கம்."

அத்தை சிரித்தார். ஆனாலும் சுற்றிக்கொண்டு வந்து, சாக்பீஸ் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். செய்தித்தாளின் ஓரத்தில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்தார்.

"ஜன்னலு எங்கங்க?"

"இதுல கெடையாது."

"பரவால்ல. நம்ம ரூமாட்டமே இருக்கு. எனக்குப் பழக்கம்தான?"

அவர் குறையாகச் சொல்லவில்லை. குடையை மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

அவர்கள் இருவரும் இருப்பது லாட்ஜின் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறையில். காற்று வரும் அறையெல்லாம் படிக்கிற பிள்ளைகளுக்கு என்று மாமா ஒதுக்கிவிட்டதால், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அத்தைக்கு அதுதான் வீடு. அந்த வாசலில் நின்று "அத்தை, பசிக்குது" என்று நாங்கள் எத்தனை தடவை கத்தியிருப்போம்! உள்ளே ஒரு ஜன்னலாவது இருக்கிறதா என்று ஒருவனும் எட்டிப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மாமா எழுந்து உட்கார்ந்தார். பிறகு தோள் துண்டை எடுத்து, முட்டி போட்டு, ஒரு பக்கத்துச் சாக்பீஸ் கோட்டை அழிக்க ஆரம்பித்தார்.

"மாப்ள, இந்தச் செவுரு வேணாம். பால்கனி போடு."

"காத்து ஜாஸ்தின்னீங்களே மாமா?"

"அடிக்கட்டும்."

"உப்பு ஒட்டுமே?"

"ஒட்டட்டும். போடுடா!"

கோடு அழிந்த பிறகும் அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். "எந்திரிங்க, வேட்டியெல்லாம் மாவு" என்று அத்தைதான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

அவர்கள் கப்பலில் போய்விட்டு வந்ததும் மாமாவுக்குப் போன் செய்தேன். கட்டில் எப்படி, படுத்துப் பார்த்தீர்களா என்று சீண்டினேன்.

"அதுக்கு எங்க மாப்ள நேரம்? உங்க அத்தை பால்கனில நாற்காலியப் போட்டுக்கிட்டுப் பேச ஆரமிச்சா. இத்தன வருஷமா சேத்து வச்சிருந்திருப்பா போல. மூணு நாளும் பத்தல."

போன மாதம் அண்ணாமலை நகரில் எனக்கு ஒரு வாரம் வேலை இருந்தது. உரிமையோடு லாட்ஜுக்குப் போய், மாடியில் வேப்பமரத்தையும் ரோட்டையும் பார்த்தபடி இரண்டு ஜன்னல் வைத்த அறையைக் கேட்டேன். லாட்ஜிலேயே நல்ல அறை அதுதான்.

"அது இல்ல மாப்ள. ஆள் இருக்கு."

"யாருக்கு விட்டீங்க?"

மாமா மேலே கையைக் காட்டினார். ஜன்னல் கம்பியில் ஈரப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் அத்தை தலையை உலர்த்தியபடி உட்கார்ந்து, ரோட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அறைதான் கிடைத்தது. ஒரு வாரமும் வேர்த்துக் கொட்டியது. அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எந்த அறையிலும் தங்கியதில்லை.