பூஜ்யத்தில் நிரூபித்த ஓம் விதி

மூன்று வருடம் மைசூரில் பி.யு.சி. (நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ) மாணவர்களுக்கு மின்சாரம் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த மூன்று வருடத்தில் ஒரு முழம் ஒயரைக்கூடக் கையால் தொட்டதில்லை. இப்போது இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்போது வெட்கமாக இல்லை, பெருமையாக இருந்தது. கோளாறு அங்கேதான் தொடங்கியது.

என் எம்.எஸ்ஸி. படிப்பு ஊரடங்கில் மாட்டிக்கொண்டது. விடுதியைக் காலி செய்துவிட்டு, தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரான கௌதள்ளிக்குத் திரும்பினேன். செய்முறை வகுப்பு முழுவதும் சிமுலேஷனில் நடந்தது. இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால் பேட்டரி, பல்பு, ஒயர் எல்லாம் ஓரத்தில் அடுக்கியிருக்கும். விரலால் இழுத்து நடுவில் போட்டு, முனையோடு முனை சேர்த்தால் தானாக ஒட்டிக்கொள்ளும். பல்பு எரியும். ஒயருக்குள் எலக்ட்ரான்கள் நீலப் பொட்டுகளாக வரிசை கட்டி ஊர்ந்து போகும். தப்பாக இணைத்தால் பேட்டரியில் தீப்பிடித்த மாதிரி படம் வரும். மூலையில் இருக்கும் ஆரஞ்சு பட்டனை அமுக்கினால் தீயும் இருக்காது, தப்பும் இருக்காது. (இந்தப் பட்டன் எனக்குப் பின்னால் ஒரு நாள் தேவைப்பட்டது. அன்று அது இல்லை.)

எங்கள் ஊரில் போனுக்கு ஒழுங்காக சிக்னல் கிடைத்த இடம் எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமின் கூரை. அதன்மேல் குடை விரித்து உட்கார்ந்துதான் முதுநிலை இயற்பியல் படித்தேன். கூரைக்குக் கீழே அம்மா நிஜமான மின்சாரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். அப்பா இறந்த பிறகு ஒன்றரை ஏக்கரும் அந்த மோட்டாரும் அவள் பொறுப்பு. ஸ்டார்ட்டரில் ஒயர் கருகினால், முதலில் ஃபியூஸ்களைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்வாள். (வேறு யாரும் தெரியாமல் திரும்ப மாட்டிவிடக் கூடாது என்பதற்காக.) பிறகு கருகிய முனையை வெட்டி, ஒயரின் மேல்தோலைப் பல்லால் கடித்து உரித்துத் துப்பிவிட்டு, பளபளவென்று வரும் செம்புக் கம்பியை முறுக்கி மாட்டுவாள்.

ஒருநாள் கீழே இருந்து கூப்பிட்டாள்.

"கண்ணு, ரெண்டு நிமிசம் எறங்கி வந்து இந்த ஒயர் நுனியப் புடி சாமி. ஒத்தக் கையில உரிக்க முடியல."

"அம்மா, சர்க்யூட் படிச்சுக்கிட்டு இருக்கறேன். தொந்தரவு பண்ணாத."

இதைச் சொன்னவன் நான்தான். வேறு யார் மேலாவது பழி போடலாமா என்று பல வருடமாக யோசித்துப் பார்த்துவிட்டேன், ஆள் கிடைக்கவில்லை.

படித்து முடித்ததும் மைசூர் விஜயநகரில் ஒரு தனியார் பி.யு. கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் வேலை கிடைத்தது. போன வேகத்தில் சீர்திருத்தம் தொடங்கினேன். கரும்பலகை எதற்கு, திரை இருக்கிறது. ஆய்வகம் எதற்கு, சிமுலேஷன் இருக்கிறது. உடையாது, ஷாக் அடிக்காது, தூசி தட்ட வேண்டாம். மாணவர்களுக்கும் பிடித்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று நகர்வதைப் பார்க்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள், நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை. அதோடு நிறுத்தியிருந்தால் நான் நல்ல வாத்தியார். நான் முதல்வரிடம் போய், ஆய்வகத்துக்கு ஓர் அட்டெண்டர் தேவையே இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். இருந்த அட்டெண்டரை நூலகத்துக்கு மாற்றினார்கள். ஆய்வகத்துக்குப் பூட்டு விழுந்தது.

மூன்றாவது வருடக் கடைசியில் வேலையை நிரந்தரமாக்கும் பேச்சு வந்தது. நிர்வாகம் அனுப்பும் ஒரு நிபுணர் முன்னால் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். நிரந்தரமானால் அம்மாவை மைசூருக்குக் கூட்டி வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன். இரண்டு அறை வீடுகூடப் பார்த்து வைத்திருந்தேன். வகுப்பு நடப்பதற்கு முன்பே அம்மா கௌதள்ளியில் ஒரு வீடு விடாமல் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். ஆடு இரண்டையும் பக்கத்துத் தோட்டத்து அக்காவிடம் ஒப்படைத்தாள். நிலத்தையும் அவர்களையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எனக்குப் போன் போட்டு, "அங்க தண்ணி எந்நேரத்துக்கு வரும், துணி காயப் போட எடம் இருக்குதா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தனியாகவே இருந்து அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். துணி காயப் போடும் இடத்தைப் பற்றி மூன்றாவது தடவை கேட்டபோது எனக்குப் புரிந்தது.

அந்தத் திங்கட்கிழமை காலை, கடைசி பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். முதல்வர், நிர்வாகச் செயலாளர், நிபுணர். நிபுணர் ஓய்வு பெற்ற பேராசிரியை. நூல் புடவை, மடியில் சின்ன நோட்டு, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

முதல் நான்கு நிமிடம் நான் ராஜா. வோல்டேஜைக் கூட்டினேன், நீலப் பொட்டுகள் ஓடின. குறைத்தேன், நடந்தன. செயலாளர் புன்னகை செய்தார். ஐந்தாவது நிமிடம் கரண்ட் போனது. யு.பி.எஸ். ஒரு தரம் கீச்சிட்டுவிட்டு அதுவும் படுத்துக்கொண்டது.

"சும்னே எதுக்கு சார் காத்திருக்கணும்?" என்றார் முதல்வர். (சும்னே என்றால் கன்னடத்தில் சும்மா. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர் அவர், பேச்சில் பாதி இப்படித்தான் இருக்கும்.) "லேப் இருக்கல்ல? ஓம் விதிதானே. நெஜ சாமான் வெச்சே செஞ்சு காட்டிடுங்க."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதனால் அவரைத் திட்டவும் முடியவில்லை.

வகுப்பே எழுந்து ஆய்வகத்துக்கு வந்தது. பூட்டு திறக்கவே பத்து நிமிடம் ஆனது. உள்ளே பழைய ஒயர்களை எலி தின்றிருந்தது. அலமாரியில் பிரிக்காத பச்சை ஒயர்ச் சுருள் ஒன்று கிடைத்தது. அம்மீட்டர், வோல்ட்மீட்டர், மின்தடை எல்லாம் எடுத்து வைத்தேன். காகிதம் வெட்டும் கத்தரிக்கோலால் ஒயரை ஒரே அளவில், அழகாக, ஏழு துண்டாக வெட்டினேன். துண்டுகளை அப்படியே கொண்டுபோய்த் திருகுகளுக்கு அடியில் செருகி இறுக்கினேன். டார்ச் லைட்டில் இருந்த இரண்டு செல்களைப் போட்டு, சுவிட்ச் சாவியை அழுத்தினேன்.

முள் அசையவில்லை.

சர்க்யூட்டைப் பார்த்தேன். திரையில் போடுகிற மாதிரியேதான் போட்டிருந்தேன். நீலப் பொட்டு எங்கே நிற்கிறது என்று (வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்) குனிந்து தேடினேன்.

"செல் தீர்ந்துவிட்டது" என்று அறிவித்தேன். ஆசிரியர் அறைக் கடிகாரத்தில் இருந்து செல் வந்தது. முள் அசையவில்லை. முதல்வர் அறைக் கடிகாரத்தில் இருந்து வந்தது. அதற்கும் அசையவில்லை. அலுவலகக் கடிகாரத்தையும் கழற்றினார்கள். கல்லூரியில் ஒவ்வொரு கடிகாரமும் ஒவ்வொரு நேரத்தில் நின்றுபோனது, அடுத்த வகுப்புக்கு மணி அடிக்க வேண்டியவர் கைக்கடிகாரம் கட்டியவர்களைத் தேடிப் போனார்.

அடுத்து அம்மீட்டர் மேல் பழி போட்டேன். முள் இறுகியிருக்கிறது என்று சொல்லிக் கண்ணாடியைச் சுண்டினேன். முள் துள்ளியது. "பார்த்தீர்களா, கரண்ட்" என்றேன். நாற்பது மாணவர்களும் என் விரலைப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் யோக்கியமான மனிதன் தோல்வியை ஒப்புக்கொண்டிருப்பான். எனக்குக் கண்முன்னால் அம்மாவும், அவள் துணி காயப் போடப் போகும் கயிறும் தெரிந்தன. சுண்ணாம்புக் கட்டியை எடுத்தேன். ஆய்வகப் பலகையில் இரண்டு அச்சு வரைந்தேன். வோல்டேஜ் பூஜ்யம், கரண்ட் பூஜ்யம் என்று எழுதி, மூலையில் தடிமனாக ஒரு புள்ளி வைத்தேன்.

"ஓம் விதியின் கோடு எந்தப் புள்ளி வழியாகப் போக வேண்டும்? பூஜ்யம் வழியாக. ஆகவே முதல் புள்ளியை நாம் வெற்றிகரமாக நிரூபித்துவிட்டோம்."

முதல் வரிசையில் இருந்த ரக்ஷிதா, நான் நீலப் பொட்டுகளைக் காட்டி இயற்பியல் மேல் ஆசை வர வைத்த பெண், கன்னடத்தில் பணிவாகக் கேட்டாள். "சார், மிச்சப் புள்ளி?"

"அதெல்லாம் வீட்டுப்பாடம்" என்றேன்.

நிபுணர் எழுந்து வந்தார். பச்சை ஒயரின் ஒரு முனையைத் திருகிலிருந்து விடுவித்து, நகத்தால் மேல்தோலை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் மேஜையில் வைத்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். ஏழு துண்டு, பதினான்கு முனை, ஒன்றில்கூட செம்பு வெளியே தெரியவில்லை. திரையில் இருக்கும் ஒயருக்குத் தோல் கிடையாது. நிஜ ஒயருக்கு உண்டு. அது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். ஆறு வயதிலிருந்து தெரியும். அன்று ஞாபகம் வரவில்லை.

"நீங்க எந்த வருஷத்து பேட்ச்?" என்று கன்னடத்தில் கேட்டார்.

சொன்னேன்.

"ஓ, ஊரடங்கு பேட்ச்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த ஓவில் இரக்கம் இருந்தது. வாசல் வரை போனவர் திரும்பிப் பலகையைப் பார்த்து, "அந்தப் புள்ளி சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கரண்ட் வந்துவிட்டது. வகுப்பறைக்குத் திரும்பினால், யாருமில்லாத அறையில், அணையாமல் இருந்த லேப்டாப்பிலிருந்து திரைமேல் நீலப் பொட்டுகள் தங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

வேலை நிரந்தரமாகவில்லை. தற்காலிகமாகத் தொடரலாம் என்றார்கள், ஆய்வகப் பொறுப்பு எனக்கு என்றார்கள். அன்று மத்தியானமே அம்மாவுக்குப் போன் போட்டேன். முதலில் கரண்ட் போனதைச் சொன்னேன், பிறகு எலியைச் சொன்னேன், செல்லைச் சொன்னேன், அம்மீட்டரைச் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்கண்ணு, ஒயர உரிச்சியா?"

நான் அம்மீட்டரைப் பற்றி மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. குபீரென்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப வேல?"

"இல்லம்மா."

"செரி உடு. சோறு உண்டியா?"

அன்று சாயங்காலம் அவள் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய் இரண்டு ஆட்டையும் திரும்ப ஓட்டி வந்ததாகத் தங்கை செல்விதான் பிறகு சொன்னாள்.

செல்வி கொள்ளேகாலில் வாழ்க்கைப்பட்டவள். இரக்கம் குறைவு. அவள் வீட்டில் டி.வி. ரிமோட் வேலை செய்யாவிட்டால் குழந்தைகள் "ஒயர உரிச்சியா?" என்று கேட்கும். எனக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து, அங்கிருந்து ஒரு தகவலும் வராதபோது, "அண்ணன் ஒயர உரிக்காமயே போயிட்டு வந்திருக்குது" என்று ஊர் முழுக்கச் சொன்னாள். பிறகு வேறு இடத்தில் கல்யாணம் கூடியபோது, மேடையில் எனக்கு வந்த பரிசு ரிப்பன் கட்டிய ஒரு பச்சை ஒயர்ச் சுருள். இரண்டு முனையும் உரித்திருந்தது. என் மனைவிக்கு முதல் நாளே முழுக்கதையும் தெரிந்துவிட்டது.

போன வருடம் மறுபடியும் மாதிரி வகுப்பு நடந்தது. சிமுலேஷனை நான் விடவில்லை, கண்ணுக்குத் தெரியாததைக் காட்ட அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் அதைக் காட்டி முடித்ததும் சட்டைப் பையில் இருந்து நிஜ ஒயரை எடுத்து, எல்லோருக்கும் முன்னால் பல்லால் கடித்து உரித்தேன். செயலாளர் முகம் சுளித்தார். முள் நகர்ந்தது. ஆறு புள்ளி வைத்தேன், நேர்கோடு வந்தது. வேலையும் வந்தது.

உடனே அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, பர்மனென்ட் பண்ணிட்டாங்க."

"ஒயர உரிச்சியா?"

"உரிச்சேன். பல்லுல."

ரொம்ப நேரம் சிரித்தாள். இந்தத் தடவை பாதியில் நிறுத்தவில்லை.

"எப்பம்மா வர்றே?" என்று கேட்டேன்.

"ஒருக்கா ஊரெல்லாஞ் சொல்லிப்போட்டு ஆட்டத் திருப்பி ஓட்டியாந்தவ கண்ணு நானு. மறுக்காவும் சொல்லோணுமா? பாக்கலாம். மோட்டார் ஓடுது, அப்பறமாப் பேசறேன்."

அதற்குப் பிறகு மூன்று தடவை கேட்டுவிட்டேன். மூன்று தடவையும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.