கார் எடுக்க வரும் மச்சானுக்கு

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கை கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான் சுமாரான நலம், உங்கள் தங்கை நலம், உங்கள் கார் முன்னெப்போதும் இல்லாத நலம். அங்கு தங்கள் நலமும், அண்ணியின் முழங்கால் நலமும் அறிய ஆவல்.

ஞாயிற்றுக்கிழமை லாரியோடு வந்து காரை ஏற்றிக்கொண்டு போவதாகத் தாங்கள் எழுதியதைப் படித்ததும் என் கண்ணில் நீர் முட்டிவிட்டது. ஆனந்தக் கண்ணீர்தான், தவறாக நினைக்க வேண்டாம். வீடு மாறிப் போகும்போது அந்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை எங்கள் கராஜில் தள்ளிவிட்டு, "வேணும்னா வெச்சுக்கோங்க மாப்பிள்ளை, வேணாம்னா இரும்புக்கடையில போட்டுடுங்க" என்று பெருந்தன்மையோடு சொன்னீர்கள். அப்போது அதற்குக் கூரையும் இல்லை, தரையும் இல்லை. உள்ளே உட்கார்ந்து காலை நீட்டினால் பாதம் நேராகச் சிமெண்டில் படும். எலிகள் வயரையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு, சீட்டுக்குள் பிள்ளை குட்டிகளோடு சௌகரியமாகக் குடியிருந்தன. பார்க்க வந்த மெக்கானிக் பானட்டைத் திறந்தார், மூடினார், "என்னைக் கூப்பிட்டதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார்" என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலமே இரும்புக்கடைக்குப் போன் செய்திருப்பேன். அதற்குள் உங்கள் தங்கை கிளினிக்கிலிருந்து வந்து, தோளில் கிடந்த பையைக்கூட இறக்கி வைக்காமல், இஞ்சினுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வாயைப் பிளந்து படுத்திருக்கும் நோயாளிக்குச் சொல்கிற அதே குரலில், "பிடுங்க வேணாம், காப்பாத்திடலாம்" என்றாள்.

அன்றைக்குப் போன நிம்மதி மச்சான், இன்றுவரை திரும்பவில்லை. ஒரு பல் டாக்டர் கையில் கார் சிக்கினால் என்ன ஆகும் என்று யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. சாப்பாட்டு மேஜையில் சிலிண்டர் ஹெட். குளியல் தொட்டியில் நாலு சக்கரமும் ஊறிக்கொண்டிருந்ததால் நான் பல நாள் வாஷ்பேசினில் குளித்தேன். கார்புரேட்டரின் ஊசித் துளைகளைப் பல்லிடுக்கைக் குத்துகிற கம்பியால் சுத்தம் செய்தாள். இஞ்சினுக்குப் பின்பக்கம் தலை நுழையாத இடத்தை வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தாள். பிஸ்டன் நாலும் துருவேறி இறுகிப்போய் அசைய மறுத்தன. வேறு யாராக இருந்தாலும் சுத்தியலைத் தூக்கியிருப்பார்கள், நானும் தூக்கினேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, "அவசரப்பட்டா தாடையே உடைஞ்சிடும்" என்றாள். துளைகளில் எண்ணெயை ஊற்றித் துணி போட்டு மூடிவைத்து, தினமும் வேலைக்குக் கிளம்புமுன் போய் லேசாக அசைத்துப் பார்ப்பாள். அசையாது. சரி என்று போய்விடுவாள். மழைக்காலம் முழுக்க இதே கதைதான். ஒருநாள் காலை "அசையுது! அசையுது!" என்று அவள் போட்ட கூச்சலில் நான் பூகம்பம் என்று நினைத்துச் சோப்பு நுரையோடு வாசலுக்கு ஓடினேன். மயிரிழைதான் அசைந்திருந்தது. அதற்கே அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு அத்தனை பொறுமை இருந்திருந்தால் மச்சான், நானும் எதையாவது உருப்படியாகச் செய்திருப்பேன்.

என் பங்குக்கு நானும் உதவினேன் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். அவள் ஒரு மாநாட்டுக்காக வெளியூர் போயிருந்தபோது கராஜைப் பெருக்கலாம் என்று உள்ளே போனேன். பார்த்தால், கிளினிக் தட்டுகளில் போல்ட்டும் நட்டும் பெரிசும் சின்னதுமாக இறைந்து கிடக்கின்றன. நான் மருந்துக்கடைக்காரன். கலைந்து கிடப்பதைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. அத்தனையையும் துடைத்து, அளவு வாரியாகப் பிரித்து, காலி மாத்திரைப் புட்டிகளில் போட்டு, 'சிறியது', 'நடுத்தரம்', 'பெரியது', 'கடவுளுக்கே வெளிச்சம்' என்று லேபிள் ஒட்டி, அலமாரியில் வரிசையாக அடுக்கிவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து வாசலிலேயே நின்றேன். கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொரு தட்டாக அவள் பரப்பி வைத்திருந்தாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அவள் வந்து பார்த்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புட்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்குங்க" என்றாள். பிறகு, "நாளையிலேர்ந்து நீங்களும் வந்துடுங்க" என்றாள். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். ஒவ்வொரு போல்ட்டாக எடுத்து, ஒவ்வொரு துளையிலும் வைத்து, இது இல்லை, இதுவும் இல்லை என்று எத்தனை சாயங்காலம் போயிற்று தெரியுமா! இப்போது கண்ணைக் கட்டிவிட்டு ஒரு போல்ட்டைக் கையில் கொடுத்தால் போதும், தண்ணீர் பம்பா, கியர் பாக்ஸா என்று சொல்லிவிடுவேன். கடையில் இருமல் மருந்து எந்தத் தட்டில் இருக்கிறது என்பதுதான் மறந்துவிட்டது.

அப்புறம் பிரேக். குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டுமாம். அவள் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு திருகைத் திறப்பாள், நான் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். "மிதிங்க. பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க" என்று அடியிலிருந்து குரல் வரும். எதிர்வீட்டுக்காரர் நாய்க்குப் பயிற்சி கொடுப்பது இதே மாதிரிதான். ஒரு தடவை தும்மல் வந்து காலை விட்டுவிட்டேன். காற்று உள்ளே போய்விட்டது, மறுபடி முதலிலிருந்து. பெயின்ட் அடிக்குமுன் உடம்பெல்லாம் ஈர உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். கண்ணாடி மாதிரி வந்துவிட்டது என்று நான் கையை உதறினால், அவள் கண்ணை மூடி விரல் நுனியால் தடவி, "இங்க ஒரு மேடு இருக்கு" என்பாள். எனக்கு ஒரு மேடும் தெரியாது. அவள் சொன்ன இடத்தில் தேய்த்தால் இருக்கும்! கரும்பச்சையில் அது பளபளவென்று நின்றபோது பெருமை தாங்காமல் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினேன் பாருங்கள், அதைப் பார்த்துத்தானே தாங்கள் லாரி பிடித்திருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தை அவளிடமும் காட்டினேன். படித்தாள். "அண்ணன் வண்டிதானே" என்றாள். கை கழுவப் போனாள். கொஞ்சம் அதிக நேரம்தான் கழுவினாள். வண்டியை இன்னும் தெருவில் இறக்கவில்லை. கேட்டால், "முதல்ல அண்ணன் ஓட்டட்டும்" என்கிறாள். எனக்கென்ன வந்தது? கராஜ் திரும்பக் கிடைக்கும், தொட்டியில் குளிக்கலாம், கிரீஸ் படாத சட்டை போடலாம். ஆகவே தாங்கள் ஞாயிறு காலையே தவறாமல் வந்து, கையோடு காரைக் கொண்டுபோய் என்னைக் கரையேற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். அண்ணிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசி. எல்லோருடைய பல்லும் உறுதியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் கராஜுக்குப் போனேன். அவள் உங்களுக்காக ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அண்ணன்கிட்ட சொல்லிடுங்க, காலையில சோக்கை முழுசா இழுத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் உள்ள விடணும். சட்டுனு விட்டா இருமும்" என்றாள். "உக்காரு, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றேன். மாட்டேன் என்றாள். "லாரிக்காரன் கேப்பான், ஓடுதான்னு தெரிய வேணாமா?" என்று ஒரு பொய்யைச் சொல்லி உட்கார வைத்தேன்.

மச்சான், அவள் ஓட்டி நீங்கள் பார்த்ததில்லை. கியர் மாற்றுவது தெரியவே இல்லை, இஞ்சினின் குரல் மட்டும் ஒரு படி இறங்கி ஒரு படி ஏறுகிறது. இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் ஹாரன் தானாக அடிக்கிறது. அது மட்டும்தான் பாக்கியாம். ஏரிக்கரைச் சாலையில் காற்று முகத்தில் அடிக்க, என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். ஊர்ப் பல்லையெல்லாம் பார்க்கிறவளின் பல் எவ்வளவு அழகு என்று இன்றைக்குத்தான் பார்த்தேன். திரும்பி வந்து நிறுத்திவிட்டு, பானட்டில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்க மாட்டாள். அண்ணனிடம் அவள் எதையும் கேட்டுப் பழக்கமில்லை என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

எனவே மேலே எழுதியதில் ஒரு வரியையும் நம்ப வேண்டாம். இரும்புக்கடைக்கு என்று கொடுத்துவிட்ட வண்டியை யாரும் திரும்பக் கேட்பதில்லை. லாரிக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தாங்கள் எப்போது வந்தாலும் சாப்பாடு தயார், அடுத்த சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்றும் போய்வரலாம். இந்த ஞாயிறு மட்டும் வேண்டாம், வீடு பூட்டியிருக்கும். நாங்கள் வெளியூர் போகிறோம். எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. இன்னும் அவளிடம் சொல்லவில்லை, அவள்தான் ஓட்டப்போகிறாள்.