அத்தைக்குப் படைத்த ஓட்ஸ் கஞ்சி

தோணிரேவு,
வெள்ளிக்கிழமை.

ஆரம்பாக்கத்தில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் முத்து அவர்களின் சமுகத்துக்கு, தங்கள் தங்கை ராஜம்மாவின் புருஷன் சுப்பன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் உயிரோடு இருப்பவர்கள் எல்லாரும் ஒருவிதமாகச் சுகம். அவ்விடம் தங்கள் கால் வீக்கம் வற்றி, அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். உயிரோடு இல்லாத ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக்கூடாதா என்பீர்கள். போனில் பேசினால் அந்த ஒருவரின், அதாவது தங்கள் அம்மாவின், காதில் விழும். அத்தைக்குப் படிக்க வராது என்பதால்தான் எழுதுகிறேன்.

ராஜம்மாவுக்குத் தலைசுற்றல் வந்ததும், டாக்டரம்மா சோதித்துவிட்டு உடம்பில் ரத்தமே இல்லை, இனிமேல் சத்தாகச் சாப்பிட வேண்டும், அடுத்த மாதமும் ரத்தம் ஏறவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதுதான் என்று சொன்னதும் தாங்கள் அறிந்ததே. சத்து என்றால் இன்னதென்று அந்தம்மாவையே கேட்டிருக்கலாம். நான் போய்க் கடைக்காரரைக் கேட்டேன். அவர் ஓட்ஸ் என்றார், ஆப்பிள் என்றார், பெரிய டப்பா ஒன்றை இறக்கிப் புரோட்டீன் பவுடர் என்றார். டப்பாவின் மேல் ஒருவன் சட்டையில்லாமல் கையை முறுக்கிக்கொண்டு நிற்கிறான். விலையைக் கேட்டதும் எனக்கும் தலை சுற்றியது. பொண்டாட்டி உயிரைவிடக் காசா பெரிது என்று வலையில் விழுந்த நண்டு, இறால், மடவை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஏஜெண்டிடம் போட்டு, அந்தக் காசில் டப்பாவும் ஓட்ஸும் வாங்கி வந்தேன். வீட்டில் மீன் வாசனையே அற்றுப்போயிற்று. ஊரெல்லாம் குழம்பு கொதிக்க, நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஏரியைப் பார்த்துக்கொண்டு கஞ்சி குடித்தோம். டப்பாவில் நிற்கிறவன் அப்படியே திடமாக இருந்தான். ராஜம்மாதான் இன்னும் வெளுத்தாள்.

இந்த லட்சணத்தில் அத்தையின் முதல் வருஷப் படையல் வந்தது. காலால் தங்களுக்கு நடமாட்டம் இல்லை, அத்தையும் கடைசிவரை எங்களோடு இருந்தவர், ஆகவே இங்கேயே வைத்தோம். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு இல்லாத இலையை அத்தை உயிரோடு இருந்தபோதே தொடமாட்டார், எனக்குத் தெரியாதா? ஆனால் ஓட்ஸுக்கே நாக்குத் தள்ளுகிற வீட்டில் இரண்டு சமையலுக்கு எங்கே போவது? சாமிக்குப் படைத்ததை வீட்டார் சாப்பிடுவது போல, வீட்டார் சாப்பிடுவதையே சாமிக்குப் படைத்தால் என்ன என்று எனக்கு ஒரு புத்தி வந்தது. தலைவாழை இலையில் ஓட்ஸ் கஞ்சியை ஊற்றி, ஓரத்தில் ஆப்பிள் கீற்று வைத்து, கற்பூரம் காட்டினேன். காக்கா வந்தது. இலையைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. தொடாமல் போய்விட்டது.

மறுநாள் விடியற்காலை கதவைத் திறக்கிறேன், வாசற்படியில் ஒரு பறிக்கூடை. உள்ளே உயிர் இறால், ஈரச் சேற்றோடு துள்ளுகிறது. மச்சான், நம் பெண்கள் ஏரிச் சேற்றை இரண்டு கையாலும் துழாவி இறால் பிடிக்கும்போது பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள் அல்லவா, இந்தப் பறியின் விளிம்பிலும் கடித்த தடம் புதுசாக இருந்தது. நடுவில் இரண்டு பல் இல்லாத கடி, அத்தையின் கடி. ஓரத்தில் சிவப்பு நைலான் நூலால் போட்ட தையல், அது நான் போட்ட தையல். அந்தப் பறியை அத்தையோடு குழியில் வைத்தது தாங்கள்தான், தங்கள் கையால். ஏரியிலிருந்து வாசல் வரைக்கும் ஈரக் கால்தடம் வந்திருக்கிறது. திரும்பிப் போன தடத்தைத் தேடினேன். இல்லை. அப்படியென்றால் வந்தவர் எங்கே இருக்கிறார் என்று யோசித்ததும் எனக்கு உள்ளே போகவும் பயம், வெளியே நிற்கவும் பயம், படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் இதே கதை. இறாலைக் கொட்டிவிட்டுப் பறியை ஆணியில் மாட்டுகிறேன், விடிந்தால் ஆணி காலி, பறி வாசலில். ஒருநாள் நண்டு, ஒருநாள் கெளுத்தி. பின்பக்கம் ஈரப்புடவையைப் பிழிகிற சத்தம் கேட்கிறது, போய்ப் பார்த்தால் யாரும் இல்லை, தரை மட்டும் நனைந்திருக்கிறது. ராஜம்மாதான் போகிறாளோ என்று சந்தேகப்பட்டு அவள் முந்தானையை என் கையில் முடிந்துகொண்டு படுத்தேன். முடிச்சு முடிச்சாகவே இருந்தது, பறியும் வந்தது. தவிர, தெருமுனைக் குழாய்வரைக்கும் நடக்கவே அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறவள். புரோட்டீன் டப்பா மட்டும் ஒருநாள் முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தது. கோழிகூட அதைக் கொத்தவில்லை.

நான் பறியைத் தொடவே பயந்து தள்ளி நிற்கிறேன், தங்கள் தங்கையோ சாவகாசமாகப் பறியை எடுத்துக்கொண்டு போய், வேலியில் முருங்கைக்கீரையை ஒடித்துப்போட்டு இறாலோடு வதக்குகிறாள்.

"இன்னாம்மே, உனக்கு பயமா இல்லியா?" என்றேன்.

"பெத்தவளாண்ட இன்னாயா பயம்? உன்னாண்டதான் பயம். நாளிக்கும் அந்தக் கஞ்சிய ஊத்திடுவியோன்னு."

பக்கத்து வீட்டு சரோஜா சொன்னதைக் கேட்ட பிறகுதான் என் தூக்கம் மொத்தமாகப் போயிற்று. "யோவ், செத்தவ வந்து சோறு போட்டா சும்மாவா போடுவா? நல்லா துன்ன வச்சி, தெம்பாக்கி, கூடவே இட்டுனு பூடுவா. பாத்துக்கோ" என்கிறாள். மச்சான், மறைக்காமல் சொல்கிறேன். பேய் என்னை அடித்தால் வாங்கிக்கொள்வேன். மருமகனை அடிக்க அத்தைக்கு உரிமை இருக்கிறது. ஆனால் ராஜம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன்?

ஆகவே மூத்த பிள்ளையான தாங்கள் கால் எப்படி இருந்தாலும் ஆட்டோ வைத்துக்கொண்டாவது வந்து, கருவாட்டுக் குழம்போடு முறைப்படி படையல் போட்டு, அத்தையைச் சமாதானப்படுத்தி அனுப்பிவைக்க வேண்டும். பெற்ற பிள்ளை பேச்சைக் கேட்பார். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. கடலும் ஏரியும் எல்லாரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
வாசலில் நிற்கப் பயந்து, தெருமுனையில் நின்று தங்கள் வரவை எதிர்பார்க்கும்,
சுப்பன்.

பின்குறிப்பு: மச்சான், வர வேண்டாம். இதைத் தபாலில் போடுவதற்குள் பயம் தாங்காமல் நானே கருவாட்டுக் குழம்பு வைத்துப் படைத்துவிட்டேன். காக்கா பாய்ந்து வந்து தின்றது. மறுநாள் வாசல் காய்ந்து கிடந்தது, பறியும் இல்லை. ராஜம்மா படியில் உட்கார்ந்து ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள், கூப்பிட்டாலும் திரும்பவில்லை. அவளை எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா சீட்டைப் பார்த்து, "ரத்தம் நல்லா ஏறியிருக்கு, என்ன சாப்பிட்டீங்களோ அதையே விடாம சாப்பிடுங்க" என்றார். அத்தை கையால் வந்ததை எந்தக் கடையில் வாங்குவது? ஆகவே இன்று மத்தியானம் ஓட்ஸ் காய்ச்சி அத்தை படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன், உப்புகூடப் போடவில்லை. அத்தைக்கு என்மேல் கோபம் ஆறவே கூடாது என்று தாங்களும் அங்கே ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளவும்.